ஓடும் பிள்ளைகளின் இதயம்: ஓர் ஔடத தானம்

(விருதுநகரில் நடைபெற்ற மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை 'ஔடத தானம்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்தனர். உணவு, மருந்து, நூலறிவு, அடைக்கலம் ஆகிய நான்கும் இல்லறத்தார் வழங்க வேண்டிய தானங்கள் என்பதை இங்குள்ள சிறு பிள்ளைகளும் அறிவர். இவற்றுள் மருந்து என்பது எது? நோய் வந்தபின் கொடுக்கும் மாத்திரை மட்டும்தானா? தனக்குள் ஒரு நோய் இருப்பதையே அறியாமல் ஆடுகளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு, 'நில், உன் இதயத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம்' என்று சொல்வதும் மருந்தாகாதா? ஆகும் என்பதே என் எண்ணம். நம் சான்றோர் அறநூலுக்கே மருந்தின் பெயரை இட்டவர்கள். காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். கணிமேதாவியார் ஏலாதி என்று பெயரிட்டார். அறமும் மருந்தும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே இன்று ஒரே ஒரு செய்தியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுப் பயிற்சி பெறும் நம் மாணவ மாணவியருக்கு இதயப் பரிசோதனை வேண்டுமா? வேண்டுமெனில் எத்தகையது? குறை ஒன்று கண்டறியப்பட்டால் அப்பிள்ளையை நாம் எவ்வாறு நடத்துவது?

நம் மாவட்டத்து ஆடுகளங்கள்

நம் மாவட்டம் கரிசல் பூமி. மழை குறைவு, வெயில் மிகுதி. சிவகாசியிலும் திருத்தங்கலிலும் சாத்தூரிலும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்றும் இல்லந்தோறும் சோறு போடுகின்றன. ஒரு காலத்தில் இப்பகுதிச் சிறுவர்கள் விடியற்காலையில் தொழிற்கூட வண்டியில் ஏறிச் சென்றனர். இன்று அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் ஏறுகின்றனர். இம்மாற்றம் எளிதில் வந்ததன்று. பொதுத்தேர்வு முடிவுகளில் நம் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்றதற்கும் இம்மாற்றத்திற்கும் தொடர்பு உண்டு.

படிப்போடு விளையாட்டும் வந்தது. குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, பாரதியார் தின விழாப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று ஆண்டு முழுவதும் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றனர். எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வோட்டம் பொழுதுபோக்கன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம், பின்னர் காவல் துறையிலோ இரயில்வேயிலோ ஒரு வேலை என்பது அவ்வீட்டின் கனவு. ஆதலால்தான் நெஞ்சில் வலி என்றாலும் பிள்ளை சொல்வதில்லை. அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்னும் அச்சம் வலியைவிடப் பெரிதாக நிற்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல இயலும். ஒரு மாணவனைப் போட்டிக்கு அனுப்பும்போது அவனுடைய பிறந்த தேதிச் சான்றை மும்முறை சரிபார்ப்போம். வயது கூடிவிட்டால் அணி தகுதி இழக்கும். ஆனால், 'ஓடும்போது என்றேனும் மயங்கி விழுந்ததுண்டா?' என்று எவரும் கேட்பதில்லை. ஒருவன் விழுந்தால், 'காலையில் சாப்பிட்டிருக்க மாட்டான், வெயில் வேறு' என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுத்து நிழலில் அமர்த்துவோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது உண்மையாகவே பசியும் வெயிலுமாக இருக்கும். எஞ்சிய அந்த ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

பயிற்சி பெற்ற இதயமும் நோயுற்ற இதயமும்

ஓடுகின்றவரின் இதயம் ஓடாதவரின் இதயத்தைப் போன்றதன்று. தொடர்ந்த பயிற்சியால் அதன் அறைகள் சற்று விரியும். சுவர்கள் சற்றுத் தடிக்கும். ஓய்விலிருக்கையில் நாடி மெதுவாகத் துடிக்கும். இது நோயன்று, உழைப்பின் பயன். ஆனால் சில பிள்ளைகளுக்குப் பயிற்சியின் காரணமாக அன்றி, பிறப்பிலேயே அமைந்த மரபுக் குறையால் இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்துவிடுகிறது. மருத்துவர்கள் இதனை இதயத் தசைத் தடிப்பு நோய் என்பர். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு என்பது மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இவர்களுள் பெரும்பாலோர் யாதொரு துன்பமுமின்றி வாழ்கின்றனர். ஆயினும் சிலருக்கு, கடுமையாக ஓடும்போது இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, துடிப்பு வெறும் நடுக்கமாக மாறிவிடுகிறது. அதன்பின் இரத்தம் மூளைக்குச் செல்லாது.

முதியோருக்கு வரும் மாரடைப்பு வேறு; இது வேறு. அங்கே இரத்தக் குழாய் அடைபடுகிறது. இங்கே குழாய் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மின்னோட்டமே பிழைபடுகிறது.

இதுபோன்ற வேறு சில குறைகளும் உள. இதயத்தில் பிறவியிலேயே ஒரு மிகைப்பட்ட மின்வழி அமைந்திருப்பது ஒன்று. இதனை இ.சி.ஜி. காட்டிக்கொடுக்கும், குழாய் வழியே செய்யும் சிகிச்சையால் முற்றிலும் நீக்கவும் இயலும். இதயத்துக்கு இரத்தம் தரும் குழாய் பிறவியிலேயே இடம் மாறித் தோன்றுவது மற்றொன்று. இதனை இ.சி.ஜி. பெரும்பாலும் காட்டாது. துடிப்புக்குப் பின் இதயம் மீண்டும் மின்னேற்றம் பெறக் காலம் நீள்வது மூன்றாவது. இதில் ஒரு வகையினருக்குத் திடீரெனக் கேட்கும் பேரொலியே மயக்கத்துக்குக் காரணமாகிறது. கடிகார மணி, தொலைபேசி மணி போன்றவை அவர்களை வீழ்த்தும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. வெடியோசையோடு வாழும் ஊர்க்காரர்களாகிய நாம் இதனை அறிந்திருக்க வேண்டும். வெடிச் சத்தம் கேட்டு ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், 'பயந்தாங்கொள்ளி' என்று சிரிக்காமல் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அறிவுடைமை. இந்நோயினரின் மயக்கம் கைகால் இழுப்போடு வருவதால், வலிப்பு என்று தவறாகக் கருதி ஆண்டுக்கணக்கில் வலிப்பு மருந்து கொடுப்பதும் உண்டு.

நம் நாட்டில் மறக்கலாகாத இன்னொரு நோய், ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெடுவது. தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, மூட்டு வீக்கமாகத் தோன்றி, இறுதியில் இதயத்தைப் பற்றும் நோய் இது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் ஏழைப் பிள்ளைகளையே மிகுதியும் தாக்குகிறது. பழகிய மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாலே ஐயம் எழும். எக்கோ அதனை உறுதி செய்யும். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு வந்தால் மேலும் கெடாமல் காக்கலாம்.

அன்வர் அலி என்னும் இளைஞர்

இப்பொருளில் நம் நாட்டிலேயே அனைவரும் அறியத்தக்க ஒரு நிகழ்வு உண்டு. பஞ்சாப் மாநிலம் ஆதம்பூரைச் சேர்ந்தவர் அன்வர் அலி. 2017-ஆம் ஆண்டு இந்தியாவில் நடைபெற்ற 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தில் நம் நாட்டு அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடியவர். எளிய குடும்பத்துப் பிள்ளை. 2019-இல் செய்த மருத்துவப் பரிசோதனையில், நான் முன்னர்க் கூறிய இதயத் தசைத் தடிப்பு நோயின் ஒரு வகை அவருக்கு இருப்பது தெரியவந்தது. பிரான்சு நாட்டுக்கும் அனுப்பிப் பரிசோதித்தனர். நோய் உறுதியாயிற்று. ஆட்டம் நின்றது. அப்போது அவருக்கு வயது 19.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரது உயிரைக் கருதி ஆட வேண்டாம் என்றது. அவரோ, 'கால்பந்தைத் தவிர எனக்கு வேறு வாழ்வு இல்லை' என்னும் நிலையில் 2020-இல் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். மருத்துவ வல்லுநர்களின் கருத்தும் ஒன்றாக இல்லை. நீண்ட ஆய்வுக்குப் பின் 2021-இல், இடரை அறிந்து தாமே பொறுப்பேற்று ஆடுவதற்கு வழி பிறந்தது. 2022 மார்ச்சில் இந்திய அணிக்காகத் தம் முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடினார்.

இதில் யார் செய்தது சரி? கூட்டமைப்பு செய்ததைக் கொடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஓர் உயிர் களத்தில் விழுந்தால் அப்பழி யாரைச் சேரும்? இளைஞர் செய்ததை அறியாமை என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவர் எல்லாம் அறிந்தே முடிவெடுத்தார். அறியாமல் ஓடுவது வேறு. அறிந்து, எடைபோட்டு, மருத்துவர் கண்காணிப்பில் ஓடுவது வேறு. பரிசோதனை தருவது இந்த அறிவைத்தான். ஆனால் 18 வயது நிரம்பாத பள்ளிப் பிள்ளை இத்தகைய முடிவைத் தனியே எடுக்க இயலாது. அங்கே பெற்றோரும் மருத்துவரும் ஆசிரியரும் ஒன்றாக அமர வேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது.

உலகம் கற்றுக்கொண்டது

2003 ஜூன் 26 அன்று பிரான்சு நாட்டின் லியோன் நகரில் கேமரூன் அணி கொலம்பியாவோடு ஆடிக்கொண்டிருந்தது. 72-ஆம் நிமிடத்தில், அருகில் எவரும் இல்லாதபோது, மார்க் விவியன் ஃபோ என்னும் கேமரூன் வீரர் கீழே விழுந்தார், பிழைக்கவில்லை. வயது 28. இதயத் தசைத் தடிப்பே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அதன்பின் உலகக் கால்பந்து அமைப்பு வீரர்களின் இதயப் பரிசோதனையில் முனைந்தது.

இத்தாலி நாடு இதற்கு முன்பே விழித்துக்கொண்டது. போட்டிகளில் ஆடும் ஒவ்வொருவரும் இ.சி.ஜி. உட்பட மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்னும் விதி அங்கு 1982-இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இளம் விளையாட்டு வீரரிடையே திடீர் இதய இறப்பு, ஆண்டுக்கு இலட்சம் பேரில் 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்தது என்று அது காட்டியது. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குறைவு.

இஸ்ரேல் நாடும் 1997-இல் இத்தகைய சட்டம் செய்தது. ஆனால் அங்கே இறப்பு விகிதத்தில் மாற்றம் காணப்படவில்லை என்று 2011-இல் ஓர் ஆய்வு கூறிற்று. அமெரிக்க இதயச் சங்கமோ, அனைவருக்கும் இ.சி.ஜி. என்பதை வற்புறுத்தாமல், வினாக்களும் உடல் பரிசோதனையும் அடங்கிய 14 கூறுகளைக் கொண்ட ஒரு முறையைப் பரிந்துரைக்கிறது.

இங்கிலாந்தின் கணக்கு நமக்கு மிகவும் பயன்படும். அங்கே 1996 முதல் 2016 வரை 11,168 இளம் கால்பந்து வீரர்களுக்கு இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தனர். அவர்களின் சராசரி வயது 16. உயிருக்கு ஊறு செய்யத்தக்க குறை 42 பேரிடம் காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஆடினர். ஆனால் அந்த 11,168 பேருள் பின்னர் இதய நோயால் இறந்த எண்மரில் அறுவருக்கு முதற் பரிசோதனையில் குறை ஏதும் தெரிந்திருக்கவில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே நெஞ்சில் நிறுத்த வேண்டும். பரிசோதனை பலரைக் காக்கும், எல்லாரையும் காக்காது. பதினாறு வயதில் ஒருமுறை பார்த்துவிட்டு வாழ்நாள் முழுமைக்கும் நிம்மதி கொள்ளவும் இயலாது.

சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று அழைப்பதில் நமக்கு ஒரு பெருமிதம் உண்டு. பெரிய ஜப்பான் என்ன செய்கிறது? அங்கே பள்ளிப் பிள்ளைகளின் இதயப் பரிசோதனை 1973 முதலே நடைபெறுகிறது. 1995 முதல், 1-ஆம் வகுப்பு, 7-ஆம் வகுப்பு, 10-ஆம் வகுப்பு ஆகிய மூன்று நிலைகளிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இ.சி.ஜி. எடுக்கின்றனர். விளையாடும் பிள்ளை, விளையாடாத பிள்ளை என்னும் வேறுபாடு இல்லை. 1920-களில் நம் ஊரிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த முன்னோடிகளைப் போற்றுகிறோம். தொழிலைக் கற்று வந்த ஊர் இந்நல்வழக்கத்தையும் கற்கலாமே.

நம் மண்ணின் மரபு

இதயத் தசை நோய்கள் பற்றி மதுரையிலிருந்தே உலகுக்குச் சென்ற ஒரு கண்டுபிடிப்பை இங்கு நினைவூட்ட வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர் தண்டபாணியும், ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் முதலியோரும் இணைந்து செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இதயத் தசைக்குரிய ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் உள்ளது என்றும், அஃது இதயத் தசை நோய்க்கான வாய்ப்பை மிகுவிக்கிறது என்றும் அவ்வாய்வு காட்டியது. இம்மாற்றம் உள்ளோர் அனைவரும் நோயாளர் அல்லர். பலருக்கு நடுத்தர வயதுக்குப் பின்னரே அறிகுறி தோன்றும். ஆயினும், 'இதயத் தசை நோய் எங்கோ ஐரோப்பியருக்கு வருவது' என்னும் எண்ணத்தை இக்கண்டுபிடிப்பு மாற்றிவிட்டது.

நம் சமுதாயம் எண்ணிக்கையில் சிறியது. வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் வேரூன்றி, பணியின் பொருட்டு எங்கெங்கோ வாழ்கிறோம். ஆயினும் கொள்வினை கொடுப்பினை நமக்குள்ளேயே நிகழ்கிறது. பெற்றோர் ஒருவரிடம் தசைத் தடிப்பு நோய்க்கான மரபணுக் குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே ஒருவருக்கு நோய் கண்டால் அது குடும்பம் முழுமைக்கும் வந்த எச்சரிக்கை. உடன்பிறந்தார், பெற்றோர், பிள்ளைகள் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கைப்பந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986 ஜனவரியில் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின்போது இறந்தார். வயது 31. மார்ஃபான் என்னும் மரபு நோயால் இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனி கிழிந்ததே காரணம். அதன்பின் குடும்பத்தாரைப் பரிசோதித்தபோது அவருடைய சகோதரருக்கும் அந்நோய் இருப்பது தெரிந்து, அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மிக உயரமான உடல், நீண்ட கைகள், நீண்ட மெல்லிய விரல்கள் ஆகியன இந்நோயின் அடையாளங்கள். கூடைப்பந்துக்கும் கைப்பந்துக்கும் நாம் தேடித் தேடி எடுப்பதும் அத்தகைய பிள்ளைகளைத்தான். உயரமானோர் எல்லாரும் நோயாளர் அல்லர்; ஆயினும் அவர்களை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டு அணியில் சேர்ப்பது நன்று.

கேட்க வேண்டிய வினாக்கள்

பெரும் பொருட்செலவு இன்றி இன்றே தொடங்கத்தக்கது, வினாக்களைக் கேட்பது. அமெரிக்க இதயச் சங்கத்தின் முறையைத் தழுவி, நம் வீடுகளுக்கேற்ப எளிய தமிழில் சொல்கிறேன். பெற்றோர் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போதோ ஆடும்போதோ நெஞ்சில் வலி, இறுக்கம், அழுத்தம் தோன்றியதுண்டா? காரணம் தெரியாமல் மயங்கி விழுந்ததுண்டா? சிறப்பாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்ததுண்டா? உடன் ஓடுவோரைக் காட்டிலும் மிகுதியாக மூச்சிரைப்போ களைப்போ உண்டா? காரணமின்றி நெஞ்சு படபடத்ததுண்டா? இதயத்தில் வேறு ஒலி கேட்கிறது என்று எந்த மருத்துவரேனும் சொன்னதுண்டா? இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்ததுண்டா?

அடுத்துக் குடும்பம் பற்றிய வினாக்கள். நெருங்கிய உறவினருள் எவரேனும் 50 வயதுக்கு முன் திடீரென இறந்ததுண்டா? இளவயதிலேயே இதய நோயால் முடங்கியவர் உண்டா? மரபுவழி இதய நோய் எவருக்கேனும் உண்டா?

நம் வீடுகளில் இவ்வினாக்களுக்கு நேர் விடை கிடைப்பது அரிது. 'தூக்கத்திலேயே போய்விட்டார்', 'கிணற்றில் நீந்தும்போது காற்று கருப்பு அடித்துவிட்டது', 'விதி முடிந்தது' என்றெல்லாம் சொல்லி வைத்திருப்போம். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞன் கிணற்றில் மூழ்கி இறந்திருந்தால், அதுவும் இதயக் கோளாறாக இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் எண்ணிப் பார்க்கின்றனர். தாத்தா பாட்டிமார் இதில் பேருதவி செய்யலாம். குலதெய்வமும் கோத்திரமும் சொல்லிக்கொடுப்பது போல, யார் எந்த வயதில் எவ்வாறு இறந்தார் என்பதையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இவ்வினாக்களுள் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்று விடை வந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் இதய ஒலியைக் கேட்பார். தொடையிடுக்கில் நாடி பார்ப்பார். இரத்த அழுத்தம் அளப்பார். மார்ஃபான் அடையாளம் உண்டா என்று நோக்குவார். தேவையெனில் இ.சி.ஜி., அதன்பின் எக்கோ. இ.சி.ஜி.யைப் படிப்பவர் விளையாடும் பிள்ளைகளின் இதயத்தை அறிந்தவராக இருத்தல் நலம். இல்லையேல் பயிற்சியால் வந்த இயல்பான மாற்றத்தையே நோய் என்று கொண்டு, நல்ல பிள்ளையை வீணே அச்சுறுத்த நேரும்.

இன்னொரு செய்தி. காய்ச்சலும் உடல்வலியும் உள்ள பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். சில நச்சுயிரிகள் இதயத் தசையையும் தாக்கும். அந்நிலையில் கடுமையாக ஓடுவது இடர். 'இறுதிப் போட்டி, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஆடிவிடு' என்னும் பேச்சு நம் ஆடுகளங்களிலிருந்து ஒழிய வேண்டும்.

மறைத்தல் என்னும் பிழை

இப்போது சற்றுக் கடினமான ஒன்றைச் சொல்கிறேன், பொறுத்தருள்க. இவ்வினாக்களை அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பினால், பல பெற்றோர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டு விடுவர். மகன் எனில், அணியில் இடம் போய்விடும் என்னும் அச்சம். மகள் எனில், 'இதயத்தில் குறை என்று வெளியே தெரிந்தால் நாளை வரன் அமையுமா' என்னும் அச்சம். இவ்வச்சத்தை நான் இகழவில்லை. ஊர் வாய் எத்தகையது என்பதை நானும் அறிவேன். ஆனால் வாய்மை நம் நோன்புகளுள் ஒன்று. பிள்ளையின் உயிர் தொடர்பான தாளில் அதனைக் கைவிட்டுவிட்டு, வேறு எங்கே அதனைக் கடைப்பிடிக்கப் போகிறோம்?

அச்சத்தைப் போக்கும் கடமை மற்றவர்களுக்கும் உண்டு. பரிசோதனை முடிவை இறைவணக்கக் கூட்டத்தில் வாசிப்பதும், உடன் பயில்வோர் முன் கேட்பதும், 'இதய நோயாளி' என்று பெயரிட்டு அழைப்பதும் இம்சையே. முடிவு பெற்றோருக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்தால் போதும். குறை கண்டவுடன் மொத்தமாகத் தடை விதிப்பதும் கூடாது. பல குறைகள் சிகிச்சையால் நீங்குவன. நீங்காதவற்றிலும், ஓட்டம் கூடாதெனினும் நடை கூடும்; கபடி கூடாதெனினும் கேரம், சதுரங்கம் கூடும்; புள்ளி குறிக்கும் பணியும் நடுவர் பணியும் கூடும். அவ்வாறு மாற்று வழி காட்டாமல், 'நீ இனி வர வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் அப்பிள்ளையின் உள்ளம் உடைந்துவிடும். உள்ளத்தை உடைப்பதும் நம் அறத்தில் கொலைக்கு நிகராகவே எண்ணப்படுகிறது.

முதல் சில நிமிடங்கள்

2021 ஜூன் 12 அன்று டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். முந்தைய சோதனைகளில் குறை காணப்படாதவர் அவர். உடனே நெஞ்சை அழுத்தினர், மின்னதிர்வுக் கருவியால் இதயத்தை மீட்டனர், பிழைத்தார். பின்னர் நெஞ்சில் ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டு, அடுத்த ஆண்டே மீண்டும் ஆடத் தொடங்கினார். ஃபோ இறந்ததற்கும் எரிக்சன் பிழைத்ததற்கும் இடையே 18 ஆண்டுகள் உள்ளன. அவ்வாண்டுகளில் உலகம் கற்றுக்கொண்டது களத்திலேயே செய்யும் உடனடி உதவி.

இதயம் நின்றபின் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது. நம் மாநிலத்தில் 2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. ஆயினும் அது வரும்வரை உதவுவது அருகில் நிற்போர் கைகள்தாம். விழுந்தவர் அழைத்தால் விடை தரவில்லை, மூச்சு இயல்பாக இல்லை எனில், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். தண்ணீர் புகட்டக் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பது பயன் தராது. 13 வயதுப் பிள்ளையும் கற்கத்தக்க திறன் இது. பந்தோ முழங்கையோ நெஞ்சில் தாக்கி, நலமான இதயமும் நின்றுபோவதுண்டு. எப்பரிசோதனையும் அதனை முன்னறியாது. அங்கும் காப்பது இதுவே.

பட்டாசுத் தொழிற்கூடங்களில், ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம், பருத்தி ஆடைதான் உடுக்கலாம் என்று விதிகள் உள்ளன. அவ்விதிகளைப் பொருட்படுத்தாத இடங்களில் என்ன நேர்ந்தது என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் கண்டோம். 38 உயிர்கள் போயின. காப்பு நடவடிக்கையின் அருமையை உயிர்களைக் கொடுத்துக் கற்ற ஊர் நம்முடையது. ஆடுகளத்திலும் அவ்வாறு கற்க வேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கவை

அறக்கட்டளையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, மேற்சொன்ன வினாக்களை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிடுவோம். நாட்டுக்கே நாட்காட்டியும் குறிப்பேடும் அச்சிட்டுத் தரும் சிவகாசியில் இதற்கு என்ன குறை? குறிப்பேட்டின் பின்னட்டையில் அச்சிட்டால் செலவும் இல்லை. நம் சமுதாயப் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, கேட்கும் பள்ளி எதுவாயினும் கொடுப்போம்.

இரண்டாவது, ஆண்டுக்கொரு முறை, கோடை விடுமுறைப் பயிற்சி தொடங்குமுன், போட்டிகளில் ஆடும் 9 முதல் 12 வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துவோம். அரசு பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2013-இல் தொடங்கிய நடுவணரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. பிறவி இதயக் குறையும் ருமாட்டிக் இதய நோயும் அதன் பட்டியலில் உள்ளன. நம் பிள்ளைகளுள் பலர் தனியார் பள்ளிகளில் பயில்வதால் அவர்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அந்த இடைவெளியை அறக்கட்டளை நிரப்பலாம்.

மூன்றாவது, குறை கண்ட பிள்ளையை முகாமோடு விட்டுவிடாமல் இறுதிவரை துணை நிற்போம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரிலேயே உள்ளது; சிவகாசியில் தொழிலாளர் குடும்பங்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது, மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை உள்ளது, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. எந்த வாசலில் எந்தத் தாளோடு நிற்பது என்று தெரியாமல் திகைக்கும் பெற்றோரோடு ஒருவர் உடன் செல்ல வேண்டும். நம்மிடம் ஓய்வு பெற்றோர் பலர் இருக்கிறோம். பணம் தர இயலாதவரும் தம் நேரத்தைத் தரலாம், அதுவும் தானமே. துணை நிற்க ஆளில்லாமல் முகாம் மட்டும் நடத்துவோமானால், அது பெற்றோர் கையில் ஓர் அச்சத்தை மட்டும் கொடுத்தனுப்புவதாகும். அதைவிட நடத்தாமல் இருப்பதே மேல்.

நான்காவது, ஒவ்வோர் ஆண்டும் இவ்விழா நாளில் ஒரு மணி நேரம், நெஞ்சழுத்தப் பயிற்சியை மருத்துவப் பணியாளரைக் கொண்டு அனைவருக்கும் கற்பிப்போம். மின்னதிர்வுக் கருவி ஒன்றை வாங்கி, பெரும் போட்டிகள் நடக்கும் ஆடுகளத்துக்கு அளிப்பதும் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

பெருந்தலைவர் காமராசர் பிறந்த ஊர் இது. பசித்த வயிற்றோடு பிள்ளை படிக்க இயலாது என்பதை உணர்ந்து, பள்ளியிலேயே சோறு போட்டவர் அவர். பசி கண்ணுக்குத் தெரியும் குறை. கண்ணுக்குத் தெரியாத குறையையும் தேடிக் காண்பது, அவர் தொடங்கியதன் அடுத்த படி.

மாணவச் செல்வங்களே, இறுதியாக உங்களுக்கு ஒன்று. விளையாடுங்கள், நன்றாக விளையாடுங்கள். இவ்வுரையைக் கேட்டு எவரும் ஓடுவதை நிறுத்திவிடக் கூடாது. ஓடாத உடலுக்கு வரும் நோய்கள் ஓடும் உடலுக்கு வரும் இடரைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆனால் ஓடும்போது நெஞ்சு வலித்தால், கண் இருண்டால், அதனை மறைக்காதீர்கள். பயிற்சியாளரிடம் சொல்ல அச்சமாக இருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல இயலாவிடில் உடன் ஆடும் தோழனிடமேனும் சொல்லுங்கள். தோழன் சொல்லக் கேட்டால், அதனைப் பெரியவர்களிடம் கொண்டுசேர்ப்பது உங்கள் கடமை. அது காட்டிக்கொடுத்தல் ஆகாது, உயிர் காத்தல்.